எட்டுப் பட்டை கஜரி: பிரித்துத் துவைத்துத் தைத்த பதிவு

உஸ்பெக்கிஸ்தானின் உர்குத் சந்தையில் வாங்கிய பழைய கஜரி விரிப்பு ஒன்று, ஓரம் சுருளாமலும் நடுவில் அலை எழாமலும், எங்கள் சமர்கண்ட் வீட்டுக் கூடத்தில் இப்போது தரையோடு தரையாகப் படிந்து கிடக்கிறது. வாங்கிய நாளில் அது அப்படிக் கிடக்கவில்லை. எட்டுப் பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்த அந்த விரிப்பின் ஏழு இணைப்புகளில் மூன்று பிரிந்திருந்தன. ஒன்றை யாரோ செருப்புத் தைக்கும் காப்ரான் என்ற நைலான் நூலால் இழுத்துத் தைத்திருந்தார்கள். மூன்றாவது பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு அந்துப்பூச்சி அரித்திருந்தது. எங்கே தட்டினாலும் மண் கொட்டியது. அதைச் சீராக்கிய வேலையை, நடந்த வரிசையிலேயே, அளவுகளோடும் செலவோடும் எழுதி வைக்கிறேன். இதே போன்ற பழைய கம்பளி விரிப்பை வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது என்று தயங்குகிறவர்களுக்கு இது உதவக்கூடும்.

உஸ்பெக்கிஸ்தானின் தெற்கே சுர்ஹந்தர்யா, கஷ்கதர்யா மாகாணங்களில் ஆடு மேய்த்து, கோடைக்கு மலையும் குளிருக்குச் சமவெளியுமாக இடம் மாறி வாழ்ந்த குடிகளின் பெண்கள் நெய்தது கஜரி. ஓர்மக் எனப்படும் அவர்களுடைய தறி தரையோடு கிடப்பது: நிலத்தில் முளை அடித்து, அவற்றுக்கிடையே பாவு எனப்படும் நீளவாக்கு இழைகளை இழுத்துக் கட்டி, மரவாள் போன்ற ஒரு பலகையால் ஊடை எனப்படும் குறுக்கிழைகளை அடித்து இறுக்கிக்கொண்டே நெய்பவர் முன்னேறிச் செல்வார். முளைகளைப் பிடுங்கிச் சுருட்டினால் தறி ஓர் ஒட்டகத்தின் முதுகில் ஏறிவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு கைக்கும் எட்டுகிற அகலம்தான் நெய்ய வசதி என்பதால், ஒரு முழத்துக்கும் குறைவான அகலத்தில் மிக நீண்ட ஒரே பட்டையாக நெய்து, பிறகு அதைச் சம நீளங்களாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்துவிடுவார்கள். பவானி ஜமக்காளத்தில் நிறமெல்லாம் ஊடையில் இருக்கும், பாவு மறைந்திருக்கும். கஜரியில் அது தலைகீழ். நிறமும் கோலமும் முழுக்கப் பாவில் இருக்கின்றன. ஊடை உள்ளே ஒளிந்துகொண்டு பிடிமானம் மட்டும் தருகிறது. பழுது பார்ப்பவர் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இதுவே, ஏனென்றால் இந்தத் துணிக்கு நீளவாக்கில் இருக்கும் வலு குறுக்குவாக்கில் இல்லை.

வாங்கிய விலை 18 லட்சம் சோம் (உஸ்பெக் நாணயம்). விற்றவர் இது பாய்சுன் பக்கத்துச் சரக்கு, நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றார். சுர்ஹந்தர்யாவில் உள்ள பாய்சுன் வட்டாரத்தின் பண்பாட்டு வெளியை யுனெஸ்கோ 2001-இல் தன் அருஞ்செல்வங்களின் பட்டியலில் அறிவித்ததிலிருந்து, உர்குத்தில் பாய்சுன்காரியின் கைபடாத கம்பளித் துணியே இல்லை என்று ஆகிவிட்டது. அந்தப் பேச்சை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. துணியே சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் வெள்ளை விரிப்பின் மேல் பரப்பி அளந்தபோது, பட்டைகள் 31 முதல் 33 சென்டிமீட்டர் அகலமும் 338 முதல் 345 சென்டிமீட்டர் நீளமும் இருந்தன. எடை 9.4 கிலோ. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எண்ணினால் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் 13 பாவு இழைகளும், அதே நீளத்தில் மூன்று அல்லது நான்கு ஊடைகளும் தெரிந்தன. பாவு நூல் இரட்டைப் புரி, கையால் நூற்றது. ஒரே இழையிலேயே ஓரிடத்தில் தடிப்பும் ஓரிடத்தில் மெலிவும் இருந்தன. பிய்ந்து தொங்கிய பாவிலும் ஊடையிலும் ஒவ்வொரு துணுக்கு எடுத்து நெருப்பில் காட்டினேன். இரண்டுமே மயிர் கருகும் நாற்றத்தோடு சுருண்டு, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரும்புள்ளியாக முடிந்தன. பருத்தி கலந்திருந்தால் காகிதம் எரிகிற வாசனையும் சாம்பலும் வந்திருக்கும். ஆக, முழுக்கக் கம்பளி.

நிறங்களைப் பார்த்தபோதுதான் எட்டாவது பட்டை தனியாகத் தெரிந்தது. முதல் ஏழிலும் நடுவே செங்கல் சிவப்பும் கருநீலமும் மாறிமாறி எழும் கொக்கிக் கோலம், அதன் இருபுறமும் சாயமேற்றாத வெள்ளையும் பழுப்புமான கோடுகள், ஓரத்தில் மெல்லிய மஞ்சள். ஒரே பாவில் நெய்து வெட்டியவை என்பதில் ஐயமில்லை. எட்டாவதிலோ முன்பக்கம் வெளுத்த சாம்பலும் மங்கிய ஆரஞ்சும். திருப்பிப் பார்த்தால் அதே இழைகள் பின்பக்கத்தில் கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறத்தில் இருந்தன. வெயில் பட்ட பக்கம் இப்படி வெளுத்துப்போவது பழைய செயற்கைச் சாயத்தின் குணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரஷ்ய வணிகத்தின் வழியாக மத்திய ஆசியாவுக்குள் வந்த மலிவான சாயப்பொடிகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. மேலும் ஏழாவதையும் எட்டாவதையும் இணைத்த நூல் வெள்ளைப் பருத்தி. மீதி இடங்களில் மூலத் தையல் கறுப்பு ஆட்டுமயிர் நூலால் போடப்பட்டது. யாரோ பிற்காலத்தில், இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டி, வேறொரு பட்டையைச் சேர்த்திருக்கிறார்கள்.

தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் பூச்சியைத் தீர்க்க வேண்டும். மூன்றாவது பட்டையின் பின்புறம் அரிசி நீளத்தில் வெண்மையான கூடுகள் ஒட்டியிருந்தன. காலியா, உயிருள்ளவையா என்று ஆராய்வது வீண் வேலை. எதிர்வீட்டு ஹோலா (பெரியம்மா) குளிர்காலத்து இறைச்சிக்காக வைத்திருக்கும் பெரிய உறைபெட்டி கோடையில் பாதி காலியாகக் கிடக்கும் என்பதால் அதைக் கேட்டு வாங்கினேன். விரிப்பைத் தளர்வாக மடித்து, இரண்டு தடித்த பாலித்தீன் உறைகளுக்குள் வைத்துக் காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒட்டுநாடாவால் வாயை அடைத்து, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இரண்டு வாரம் விட்டேன். உறை வெளியே வந்ததும் அதைப் பிரிக்கக் கூடாது. ஒரு முழு நாள் அறையில் அப்படியே கிடந்து துணி அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த கம்பளியின் மேல் நீராகப் படிந்துவிடும்.

தூசி எடுப்பது எளிது, ஆனால் அவசரப்படக் கூடாத வேலை. ஜன்னலுக்குப் போடும் கொசுவலையில் ஒரு துண்டைத் துணியின் மேல் விரித்து, தூசி உறிஞ்சியைக் குறைந்த விசையில், பாவின் திசையிலேயே நகர்த்தினேன். வலை இல்லாவிட்டால் நைந்த இழைகள் குழாய்க்குள் போய்விடும். இந்த ஊரில் பனி விழுந்ததும் கம்பளங்களை வெளியே கொண்டுபோய்ப் பனியின் மேல் கவிழ்த்துப் போட்டுத் தடியால் அடிப்பார்கள். நல்ல நிலையில் உள்ள கம்பளத்துக்கு அதைவிடச் சிறந்த உலர்சலவை கிடையாது. இணைப்பு பிரிந்த பழந்துணியை அடித்தால் மிஞ்சாது என்பதால் அந்த ஆசையை விட்டேன்.

அடுத்து, சாயம் இறங்குகிறதா என்ற சோதனை. ஒவ்வொரு நிறத்தின் மேலும், கழுவப்போகும் அதே சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து, மேலே ஒரு கண்ணாடிச் சில்லும் அதன் மேல் எடையும் வைத்துக் கால் மணி நேரம் விட்டேன். செங்கல் சிவப்பு துளியும் இறங்கவில்லை. அது மஞ்சிட்டியின் உறவான ரோயன் வேரில் தோய்த்த சிவப்பாக இருக்க வேண்டும். மஞ்சள் இறங்கவில்லை. கருநீலம் ஈரத்தில் அசையவில்லை, உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மட்டும் லேசாக ஒட்டியது. அவுரிச் சாயத்துக்கு அது இயல்பு. (அந்த அவுரி நெடுங்காலம் இந்தியாவிலிருந்து இங்கே வந்துகொண்டிருந்த சரக்கு; புகாரா நகரில் நீலம் தோய்க்கும் தொழில் அங்கிருந்த யூதர்களின் கையில் இருந்தது.) எட்டாவது பட்டையின் ரோஜா நிறமோ ஐந்து நிமிடத்தில் வெள்ளைத் துணியைச் சிவக்க வைத்தது. விரிப்பை ஒன்றாகத் தொட்டியில் இறக்கியிருந்தால் ஏழு பட்டைகளின் வெள்ளைக் கோடுகளும் அந்த நிறத்தைக் குடித்திருக்கும். இணைப்புகளைப் பிரித்து ஒவ்வொரு பட்டையையும் தனியாகக் கழுவுவது என்று முடிவானது இதனால்தான்.

பிரிப்பதற்கு முன்பு செய்த ஒரு வேலைதான் பிற்பாடு எல்லாவற்றையும் காப்பாற்றியது. ஒவ்வொரு இணைப்பின் இரு கரையிலும், மேலிருந்து 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, நேருக்கு நேராக ஒரே நிறப் பருத்தி நூல் முடிச்சுகளைப் போட்டேன். ஒவ்வொரு பட்டையின் மேல்முனையிலும் எண் எழுதிய நாடாத் துண்டைத் தைத்தேன். தரைத்தறியில் பாவின் இறுக்கம் நாளுக்கு நாள் மாறும். ஆகையால் ஒரே எண்ணிக்கைக் கொக்கிகள் ஒரு பட்டையில் 338 சென்டிமீட்டரில் முடிகின்றன, இன்னொன்றில் 345 ஆகின்றன. பழைய தையல்காரி நீண்ட பட்டையின் மிகுதியைத் தையல் தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி, குட்டையான பட்டையோடு சமன் செய்திருந்தாள். அந்தக் கணக்கு பழைய நூலில்தான் இருக்கிறது. அதை வெட்டினால் கணக்கும் போய்விடும்.

பிரிப்பதற்குக் கூர்முனைச் சிறு கத்தரிக்கோலும் தையல் பிரிக்கும் கொக்கியும் போதும். துணியைக் குறிவைக்காமல், இரண்டு கரைகளையும் விரலால் சற்றே விலக்கி, நடுவில் தெரியும் நூலை மட்டும் வெட்ட வேண்டும். மூல நூல் இருந்த இரண்டு இணைப்புகளில் கரையோர இழைகள் முழுசாக இருந்தன. காப்ரான் நூல் போட்ட இணைப்பு வேறு மாதிரி. அந்த நூலில் தேய்மானத்தின் சுவடே இல்லை. அது நுழைந்த துளை ஒவ்வொன்றிலும் கம்பளி இழைகள் அறுந்து, நான்கைந்து மில்லிமீட்டர் நீளத்துக்குப் பிளவாகியிருந்தது. ஆள் நடக்கும் போதெல்லாம் பட்டைகள் ஒன்றையொன்று இழுக்கும். விட்டுக்கொடுக்காத நூல் அந்த இழுப்பை ரம்பமாக மாறிக் கரையின் மேல் காட்டியிருக்கிறது. வேலையைப் பார்க்க வந்த ஹோலா அந்தப் பிளவுகளை நகத்தால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, “நூல் துணியைவிடக் கெட்டியா இருந்தா துணிதான் அறும், கிஸிம்” என்றார், ‘மகளே’ என்ற பொருளில். அவருடைய தாயார் கஷ்கதர்யா கிராமத்தில் ஓர்மக் போட்டு நெய்தவர். ஹோலா நெய்ததில்லை, இணைத்துத் தைத்திருக்கிறார்.

கழுவியது குளியல் தொட்டியில். எங்கள் குழாய் நீர் கெட்டிலில் வெள்ளைப் படிவு விடும் கடின நீர். அதோடு சாதாரண சோப்பு சேர்ந்தால் கம்பளியின் மேல் பிசுக்காக ஒட்டும், காரத்தால் இழையும் கெடும். கம்பளிக்கென்று விற்கும் காரமில்லாத திரவத்தைப் பத்து லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் வீதம் கலந்தேன். நீரின் சூடு 25 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன். பட்டை தொட்டியைவிட இரு மடங்கு நீளம் என்பதால், கொசுவலையின் மேல் விசிறி மடிப்பாக வைத்து, வலையோடு இறக்கி, வலையோடு தூக்கினேன். நனைந்த பழங்கம்பளியைக் கையால் தூக்கினால் தன் எடையிலேயே கிழியும். தேய்க்கவில்லை, முறுக்கவில்லை, கடற்பஞ்சால் மேலிருந்து அழுத்தி அழுத்தி விட்டேன். முதல் நீர் கரும்பழுப்பாக வந்தது. நீர் தெளிந்த பிறகு, கடைசி அலசலில் பத்து லிட்டருக்கு 30 மில்லிலிட்டர் 9 சதவீத வினிகரைச் சேர்த்தேன். துவாலைகளுக்கிடையே வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, முற்றத்து மரமேடையில் நிழலில் தட்டையாக விரித்தேன். சமர்கண்டின் ஜூலைக் காற்றில் ஈரப்பதமே கிடையாது, மாலைக்குள் உலர்ந்துவிட்டது. எட்டாவது பட்டையை நனைக்கவே இல்லை. பிழிந்த துணியால் முன்பக்கத்தை மட்டும் ஒற்றி எடுத்தேன்.

எல்லாம் உலர்ந்த பின் எட்டும் சேர்ந்து 8.7 கிலோ. மண்ணும் பிசுக்குமாக 700 கிராம் போயிருக்கிறது. நீளமும் குறைந்திருந்தது: சில பட்டைகள் இரண்டு சென்டிமீட்டர், ஒன்று ஐந்து சென்டிமீட்டர். அந்த முடிச்சுகள் இல்லாவிட்டால் எந்தக் கொக்கி எதன் பக்கத்தில் இருந்தது என்று கண்டுபிடித்திருக்கவே முடியாது.

மூன்றாவது பட்டையின் ஓட்டை 6 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர். அதற்கு வேண்டிய நூலைக் கடையில் தேடுவதில் பயனில்லை. இயந்திரத்தில் நூற்ற கம்பளி சீரான தடிப்பும் தளர்ந்த முறுக்கும் கொண்டது, பழைய பாவின் பக்கத்தில் வைத்தால் புழுவாக எழும்பி நிற்கும். உர்குத்தில் கிழிந்துபோன ஒரு ஹுர்ஜுன், அதாவது குதிரை முதுகில் இருபுறமும் தொங்கவிடும் இரட்டைப் பை, ஒன்றரை லட்சம் சோமுக்குக் கிடைத்தது. அதன் பின்புறம் இதே வகைச் சிவப்பும் நீலமும். ஒரு பழம்பொருளைப் பிரித்து இன்னொன்றுக்கு உயிர் கொடுப்பது எல்லோருக்கும் உவப்பாக இராது. எனக்கும் முழுச் சம்மதமில்லை. ஆனால் அந்தப் பையில் கைப்பிடி அளவுக்குக்கூட முழுத்துணி மிச்சமில்லை என்பதால் பிரித்தேன்.

ஓட்டையின் பாதி இடத்தில் பாவு மட்டுமே அரிக்கப்பட்டு, பழுப்பு ஊடைகள் ஏணிப் படியாக அப்படியே நின்றன. மறுபாதியில் ஊடையும் இல்லை. அங்கே முதலில் வளைந்த ஊசியால் ஊடைகளைப் போட்டேன். ஒவ்வொன்றையும் ஓட்டையின் இரு பக்கத்திலும் இரண்டு சென்டிமீட்டர் பழைய ஊடையோடு சேர்த்து ஓடவிட்டால்தான் பிடிக்கும். பிறகு 20-ஆம் எண் மழுங்கல்முனை ஊசியில் பாவு. கூர்முனை ஊசி பழைய இழையைப் பிளந்துகொண்டு போகும், மழுங்கல் ஊசி இடுக்கில் நுழையும். கோலத்தில் சிவப்பும் நீலமும் ஜோடி ஜோடியாக ஓடுகின்றன: சிவப்பு மேலே மூன்று ஊடைகளைத் தாண்டும்போது அதன் ஜோடி நீலம் பின்பக்கத்தில் தாண்டுகிறது, பிறகு இடம் மாறுகின்றன. எனவே ஒரு நிறத்தை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக முடியாது. இரண்டு ஊசிகளில் இரண்டு நிறமும் கூடவே நகர வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு சதுர அங்குலம்கூட முடியவில்லை. பக்கத்துக் கொக்கியைப் படமெடுத்துப் பெரிதாக்கித் தாளில் அச்சிட்டு, ஊடைகளைப் பென்சிலால் எண்ணிட்டு அருகில் வைத்துக்கொண்ட பிறகுதான் கை ஓடியது. இறுக்கி இழுக்கக் கூடாது; புதிய பாவு பழையதைவிட ஒரு பொட்டு தளர்வாக இருந்தால் ஈரத்துணி வைத்து ஒற்றியதும் தானே படிந்துவிடுகிறது. சிவப்பு நன்றாகப் பொருந்தியது. நீலம் ஒரு சாயல் கூடுதல். வெயிலில் பார்த்தால் தெரியும், அதை மறைக்க நான் முயலவில்லை.

காப்ரான் அறுத்த கரைகளைக் கவனிக்காமல் இணைப்புக்குப் போக முடியாது. பிளவு ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய பழுப்புக் கம்பளி நூலால் ஊடையின் திசையில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓட்டுத் தையல் போட்டு, அறுந்த பாவு முனைகளை உள்ளே படுக்க வைத்தேன். அழகான வேலை அல்ல. ஆனால் புதுத் தையல் இனி பழைய துளைகளைப் பிடிக்காமல் அதற்கு உள்ளே நல்ல துணியைப் பிடிக்கும்.

இணைப்பில் முதல் முயற்சி கெட்டது. இரட்டிப் பருத்தி நூலில், மடியில் வைத்து, மேல்முனையிலிருந்து நெருக்கமாகத் தைத்துக்கொண்டு போனேன். பாதியில் தரையில் விரித்துப் பார்த்தால் இணைப்பு நெடுகச் சுருக்கம், அடிமுனையில் நான்கு விரல் மிச்சம். மடியில் துணி வளைந்து கிடக்கும்போது இரு கரைகளும் வெவ்வேறு அளவில் நீள்கின்றன என்பது அப்போதுதான் விளங்கியது. பிரித்துவிட்டு, ஹோலா சொன்ன முறையில் மீண்டும் தொடங்கினேன். “நடுவிலேருந்து தை. முனையிலேருந்து தைச்சா மிச்சமெல்லாம் கடைசியில வந்து குவியும். நடுவிலேருந்து போனா ரெண்டு பக்கமும் பங்காப் போயிடும்.”

இம்முறை இரு பட்டைகளையும் மேசையில் தட்டையாக வைத்து, முடிச்சுகளை நேருக்கு நேர் நிறுத்தி, ஒவ்வொரு முடிச்சிலும் தற்காலிகத் தையல் போட்டுக்கொண்டேன். நூல் இரட்டைப் புரிக் கம்பளி, பாவைவிட மெல்லியது. ஊசி இடப்பக்கத்துக் கரையில் கீழிருந்து மேலே வந்து, இடுக்கில் இறங்கி, வலப்பக்கத்துக் கரையில் கீழிருந்து மேலே வரும். மேலிருந்து பார்த்தால் எட்டு எண்ணின் வடிவம். தையலுக்குத் தையல் ஏழு மில்லிமீட்டர் இடைவெளி, கரையிலிருந்து நான்கு மில்லிமீட்டர் உள்ளே. தளர்வு ஒரே அளவாக இருக்க, ஷஷ்லிக் இறைச்சித் துண்டுகளைக் குத்தும் மூங்கில் குச்சியை இடுக்கில் படுக்க வைத்து, அதன் மேலேயே தைத்து, ஒரு சாண் முடிந்ததும் குச்சியை உருவி அடுத்த சாணுக்கு நகர்த்தினேன். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் குச்சி செய்த உதவியை இந்த வேலையில் வேறெந்தக் கருவியும் செய்யவில்லை. குச்சியை எடுத்ததும் கரைகள் ஒட்டாமல் ஒரு நூல் இடைவெளியில் நிற்கும். துணி நடமாட்டத்தில் அசையும்போது அந்த இடைவெளி இழுப்பைத் தின்றுவிடும்.

எட்டாவது பட்டையைச் சேர்க்கவில்லை. ஹோலாவுக்கு இதில் உடன்பாடில்லை. யாரோ ஒருத்தி தன் வீட்டுக்குப் போதவில்லை என்று சேர்த்ததை எடுக்க நீ யார் என்ற வருத்தம் அவருக்கு. அந்த வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆனால் இந்த விரிப்பின் மேல் ஒரு குவளைத் தேநீர் கவிழ்ந்தால் அந்த ரோஜா நிறம் பக்கத்துப் பட்டைக்குப் போகும், போனால் திரும்பாது. ஏழு பட்டைகளாக, 2.22 மீட்டர் அகலத்தில் முடித்தேன். எட்டாவதின் மேல்முனையில் பருத்தி நாடா தைத்து, அதற்குள் மரச்சட்டம் செருகி, பாவு செங்குத்தாக இறங்கும்படி, வெயில் படாத சுவரில், பளிச்சென்ற பின்பக்கம் வெளியே தெரியத் தொங்கவிட்டேன். குறுக்குவாக்கில் தொங்கவிட்டால் மொத்த எடையும் அந்த அடர்த்தி குறைந்த ஊடைகளின் மேல் விழும். பட்டை தொய்ந்து பிளக்கும்.

பயன் என்று வரும்போதும் பாவின் திசைதான் தீர்ப்பு சொல்கிறது. ஓதோவ் எனப்படும் வட்டக் கூடாரத்தில் கஜரி, நமத் என்னும், நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளி விரிப்பின் மேல் விரிக்கப்பட்டது. பகலில் மடித்து அடுக்கிய மெத்தைகளின் மேல் போர்த்தப்பட்டது. வீடு மாறும்போது அந்த மெத்தைகளையே கட்டிக்கொண்டு போகும் மூட்டையானது. நைந்த பிறகு நல்ல பகுதியை வெட்டிப் பையாகத் தைத்தார்கள். எல்லாமே துணியைத் தட்டையாகவோ நீளவாக்கிலோ கையாளும் பயன்கள். இன்று புகாரா, சமர்கண்ட் கடைகளில் பழைய விரிப்புகளை வெட்டிக் காலணியாகவும் கைப்பையாகவும் விற்கிறார்கள். சிறு துண்டுக்கு அது பொருந்தும். சோபாவுக்கு உறையாக இழுத்து அடிப்பது மட்டும் இந்தத் துணிக்கு ஒவ்வாது, ஏனென்றால் உட்காரும் எடை நாலாபுறமும் இழுக்கும், இணைப்புகள் முதலில் போகும், பின் ஊடைகள். கட்டிலுக்குப் போர்வையாகவும் போட்டுப் பார்த்தேன்: ஏழரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடை, தோலில் உறுத்தும் முரட்டு மயிர். இரவில் உதைத்துத் தள்ளியதோடு அந்த யோசனை முடிந்தது. தரைதான் சரி. அடியில் ஐந்து மில்லிமீட்டர் நமத், மேலே தாழ்வான மேசை, சுற்றிலும் கோர்பச்சா மெத்தைகள், செருப்பு வாசலோடு. மாதத்துக்கு ஒருமுறை ஓரங்களைத் தூக்கி அடியில் தூசி எடுக்கிறேன். அந்துப்பூச்சி இருட்டான, அசையாத இடத்தில்தான் முட்டையிடும்.

செலவு: ஹுர்ஜுன் 1,50,000 சோம், இணைப்புக்கும் கரைக்கும் கம்பளி நூல் 60,000, கழுவும் திரவம் 48,000, ஊசிகளும் கொசுவலையும் நாடாவும் 70,000, மொத்தம் 3,28,000. நமத் தனியாக 4,50,000. இந்த ஊரை விட்டுப் போகும்போது விரிப்பைக் கூட எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும்: ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பண்பாட்டுப் பொருள்களுக்கு உஸ்பெக்கிஸ்தானில் கட்டுப்பாடு உண்டு, நிபுணர் சான்றில்லாமல் சுங்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். வாங்கும் முன்பே அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த முறை மாற்றுவது இரண்டு. மூல ஆட்டுமயிர் நூல் உறுதியாக இருந்த அந்த இரண்டு இணைப்புகளை நான் பிரித்திருக்கத் தேவையில்லை. இரட்டைப் பட்டையாகவே வைத்து, மொட்டைமாடியில் பாலித்தீன் விரித்துச் செங்கல் வரம்பு கட்டிய ஆழமில்லாத தொட்டியில் கழுவியிருக்கலாம். நெய்தவளின் காலத்துத் தையல் ஒரு முழமாவது அதில் மிஞ்சியிருக்கும். இரண்டாவது, முடிச்சு நூலுக்கு வெளிர் நிறத்தைத் தேர்ந்தது. சிவப்புக் கோலத்தின் மேல் வெளிர்மஞ்சள் முடிச்சுகளைத் தேடிக் கண் வலித்தது. கரும்பச்சை எடுத்திருக்க வேண்டும். என்ன செய்தேன், எந்த நூல் போட்டேன், எட்டாவது பட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பருத்தித் துணியில் அழியாத மையால் எழுதி அடிப்பக்கத்து மூலையில் தைத்திருக்கிறேன்.

விரித்துக் கொஞ்ச காலம் கழித்து, விருந்தாளிகள் வந்திருந்தபோது மேசையைத் தூக்காமல் இழுத்துவிட்டார்கள். நான்காவது இணைப்பில் ஒரு விரல் நீளத்துக்கு வாய் திறந்தது. குனிந்து பார்த்தபோது மூன்று தையல்களில் நூல் அறுந்திருந்தது. கரையில் ஓர் இழைகூட அறவில்லை. மூங்கில் குச்சியை எடுத்து இடுக்கில் வைத்து, அறுந்த இடத்துக்கு இரு பக்கமும் நான்கு தையல் கூட்டித் தைத்து, தேநீர் வருவதற்குள் முடித்தேன்.